இறுகிய நிலமும் டிராக்டர் வாரியும்

நம் கிராமங்களில் டிராக்டர் இன்று புதுமைப் பொருள் அன்று. உழவுக்கு மட்டுமன்றி, பள்ளி விளையாட்டுத் திடலைச் சமன் செய்யவும், புதர் நீக்கிய தரிசைப் பண்படுத்தவும், மரக்கன்று நடவிருக்கும் பொது நிலத்தைத் துப்புரவு செய்யவும் ஊராட்சிகள் அதனை வாடகைக்கு அமர்த்துகின்றன. இவ்வேலைகளுக்கென டிராக்டரின் பின்னால் பூட்டி இழுக்கத்தக்க பல்வாரி என்னும் கருவி இருக்கிறது. கையால் குப்பை வாரும் வாரியின் பெரிய வடிவமே அது. பார்வைக்கு எளிய கருவி, கையாளுவதற்கும் எளிது. ஆயினும், கல்லாய் இறுகிய செம்மண் திடலில் அதனை ஐந்து முறை, ஆறு முறை ஓட்டினாலும் மேலே கீறல் மட்டுமே விழும். முதல் மழைக்குப் பின் அக்கீறலும் மறைந்துவிடும். வாடகைப் பணமும் காத்திருந்த பருவமும் ஒருசேர வீணாகும்.

இதற்குக் காரணம் கருவியின் குறை அன்று. வேலையின் வரிசை மாறியதே. வாரி, நிலத்தை உடைக்கும் கருவி அன்று. உடைந்த நிலத்தை ஒழுங்கு செய்யும் கருவி. இந்த ஒரு செய்தியை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் மனத்திற் கொண்டால், பெரும் செலவையும் வீண் உழைப்பையும் தவிர்க்கலாம். அதனை எவ்வாறு செயலிற் கொண்டுவருவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வாரியின் அமைப்பு

ஒரு நீண்ட இரும்புச் சட்டம். அதில் வரிசையாக, முன்னோக்கி வளைந்த எஃகுப் பற்கள். இவ்வளவே வாரி. இது டிராக்டரின் மூன்று முனை இணைப்பில் பூட்டப்படுகிறது. பற்கள் சிறிது வளைந்து கொடுத்து மீண்டும் நிமிரும் தன்மை உடையவை. ஆகையால் வழியில் கல் தட்டுப்பட்டால், பல் ஒடியாமல் அதன்மேல் ஏறி இறங்கும். இந்த வளையும் தன்மையே வாரியின் சிறப்பு. இறுகிய நிலத்தில் அது பயன்படாமைக்கும் இதுவே காரணம். கடினமான மண்ணைக் கல் என்றே எண்ணிப் பற்கள் மேலேறி வழுக்கிச் சென்றுவிடும்.

பெரும்பாலான வாரிகளில் சட்டத்தைக் குறுக்காகச் சாய்த்து வைத்து, ஊசியிட்டு நிறுத்தும் வசதி உண்டு. நேராக வைத்தால், வாரிய பொருள் பற்களின் முன்னே சேரும். சாய்த்து வைத்தால், அது ஒரு பக்கமாக ஒதுங்கி நீண்ட வரிசையாக விழும். பின்னால் சிறு சக்கரங்கள் உள்ள வாரிகளில், பற்கள் எவ்வளவு ஆழம் இறங்கவேண்டும் என்பதை அச்சக்கரங்களை ஏற்றியும் இறக்கியும் வரையறுக்கலாம்.

பற்களின் இடைவெளியைவிடப் பெரிய கல், வேர், கட்டி ஆகியவற்றைச் சேர்ப்பதும், மேற்பரப்பின் சிறு மேடு பள்ளங்களை நிரவுவதும் வாரியின் வேலைகள். இரண்டு மூன்று அங்குலத்திற்குக் கீழே அதற்கு வேலை இல்லை.

நிலம் ஏன் இறுகுகிறது?

இறுக்கம் இருவகைப்படும். ஒன்று மேல் ஓடு. மற்றொன்று அடி இறுக்கம்.

செம்மண்ணில் பெரும்பாலும் மக்குப்பொருள் குறைவு. மழைத்துளி விழும்போது மண்ணின் சிறு உருண்டைகள் கரைந்து, நுண்துகள்கள் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. பின் வெயில் பட்டதும் அப்படலம் ஓடாகக் காய்ந்துவிடுகிறது. முளைத்த விதை அவ்வோட்டைப் பிளந்து வெளிவர இயலாமல் உள்ளேயே மடிகிறது. மழைநீரும் உள்ளே இறங்காமல் வழிந்தோடுகிறது.

அடி இறுக்கம் கண்ணுக்குத் தெரியாதது. ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுவதாலும், ஈர நிலத்தில் கனத்த சக்கரங்கள் ஓடுவதாலும் கலப்பையின் கொழு முனைக்குக் கீழே மண் அழுந்திப் பலகைபோல் ஆகிவிடுகிறது. செம்மண் நிலங்களில் களித்துகள்கள் கீழிறங்கிப் படிவதாலும் இவ்வாறு நேர்கிறது. பயிரின் வேர் அப்பலகையைத் தொட்டதும் பக்கவாட்டில் திரும்பிவிடும். பத்து நாள் மழை தவறினால், அடுத்த வயல் பசுமையாக நிற்கும்போது இந்த வயல் வாடுவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

மேல் ஓட்டுக்கு வாரி ஓரளவு உதவும். அடி இறுக்கத்திற்கு அது சிறிதும் உதவாது. ஆகவே எந்த வகை இறுக்கம் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

நிலத்தைச் சோதித்தறிதல்

இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. நிலத்தில் மூன்று நான்கு இடங்களில் ஒன்றரை அடி ஆழத்திற்குக் குழி தோண்டுக. குழியின் சுவரில் மேலிருந்து கீழாகக் கத்தி முனையால் குத்திப் பார்த்தால், எந்த ஆழத்தில் மண் திடீரெனக் கடினமாகிறது என்பது கைக்கே புலப்படும். வேர்கள் எங்கே திரும்பியிருக்கின்றன என்பதையும் பார்க்கவேண்டும். அக்குழிகளில் நீர் ஊற்றி, அது எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதும் நன்று.

அடுத்து, ஈரப்பதம். உழவேண்டிய ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டையாகப் பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து தரையில் விடுக. உருண்டையே பிடிபடாமல் கட்டியாகவோ தூளாகவோ இருந்தால் ஈரம் போதாது. விழுந்தும் சிதையாமல் தட்டையானால் ஈரம் மிகுதி. விழுந்து பொலபொலவென உதிர்ந்தால், கொத்துக் கலப்பைக்கும் வாரிக்கும் அதுவே தக்க பதம்.

முதலில் உடைத்தல், பின்னரே வாருதல்

அடி இறுக்கம் உள்ள நிலத்திற்கு ஏற்றது உளிக்கலப்பை. இது மண்ணைப் புரட்டாமல், 40 செ.மீ. ஆழம் வரை கீறி அடிப்பலகையைப் பிளக்கும். அரை மீட்டர் இடைவெளியில் முதலில் ஒரு திசையிலும், பின் அதற்குக் குறுக்காகவும் உழவேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை செய்தால் போதும். இதனுடன் எக்டேருக்கு 12.5 டன், அதாவது ஏக்கருக்கு 5 டன் தொழுவுரமோ மக்கிய தென்னை நார்க்கழிவோ இடுதல் வேண்டும். உரமிடாமல் பிளந்த மண் விரைவில் மீண்டும் இறுகிவிடும்.

“அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல்” என்பது நம் முன்னோர் வாக்கு. ஆழ உழுவது என்பதற்கு அடிமண்ணை மேலே கொண்டுவருவது என்று பொருள் கொள்ளலாகாது. மேல் மண்ணிலேதான் சத்தும் உயிரும் மிகுதி. அதனைக் கீழே புதைத்து, சத்தற்ற அடிமண்ணை மேலே பரப்பினால் இரண்டு மூன்று பருவம் விளைச்சல் குன்றக்கூடும். உளிக்கலப்பையின் நன்மை, மேல் மண்ணை மேலேயே விட்டுவைப்பதில் இருக்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. உளிக்கலப்பைக்கு அடிமண் உலர்ந்திருக்கவேண்டும். உலர்ந்த மண்தான் விரிசல் விட்டுப் பிளக்கும். ஈரமான மண்ணில் உளி கத்திபோல் ஒரு கோடு கிழித்துச் செல்லுமேயன்றிப் பிளவு பரவாது. ஆனால் கொத்துக் கலப்பைக்கு, மேல்மண்ணில் மேற்சொன்ன உருண்டைப் பதம் வேண்டும். ஆகவே மானாவாரி நிலத்தில், கோடை மழைக்கு முன் உளிக்கலப்பையும், மழை பெய்து பதம் வந்தபின் கொத்துக் கலப்பையும், அதன்பின் வாரியும் என்ற வரிசை பொருந்தும். நிலம் முற்றிலும் உலர்ந்து உளியே இறங்காத நிலையில், ஒரு சிறு மழைக்குக் காத்திருத்தல் தகும்.

வாரியை ஓட்டும் முறை

கொத்துக் கலப்பை ஓடியபின் கட்டிகளும் கற்களும் வேர்களும் மேலே கிடக்கும். அப்போதுதான் வாரியின் வேளை வருகிறது.

முதலாவதாக, வாரி தரையில் மட்டமாக அமர வேண்டும். இரு புறக் கீழ்க்கைகளும் ஒரே உயரத்தில் உள்ளனவா என்று பார்த்துக்கொள்க. மேல் இணைப்புக் கம்பியின் நீளத்தை மாற்றினால் பற்களின் சாய்வு மாறும். பத்து அடி ஓட்டிப் பார்த்து, பல் ஆழக் குத்தினாலும் மேலே வழுக்கினாலும் மறை திருகித் திருத்திக்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவதாக, முதல் ஓட்டத்தில் பற்கள் மண்ணை இலேசாகத் தொட்டால் போதும். தளர்ந்து கிடக்கும் கல்லையும் வேரையும் முதலில் ஒதுக்கி, அடுத்த ஓட்டத்தில் ஓர் அங்குலம் இறக்குக. முதல் ஓட்டத்திலேயே முழு ஆழத்திற்கு இறக்கினால், மேல் மண்ணும் கல்லுடன் சேர்ந்து வரப்பாகக் குவிந்துவிடும். பல நூறு ஆண்டுகளில் உண்டான மேல் மண்ணை ஒரு பிற்பகலில் வாரி ஓரத்தில் கொட்டிவிடுவது எளிது. திரும்பப் பெறுவது அரிது.

மூன்றாவதாக, வேகம். மணிக்கு நான்கு கிலோமீட்டர் போதும். அதாவது நூறு மீட்டரைத் தொண்ணூறு நொடியில் கடக்கவேண்டும். விரைந்து ஓட்டினால் வாரி துள்ளும். துள்ளிய இடமெல்லாம் அலையலையாக மேடு பள்ளம் உண்டாகும்.

நான்காவதாக, சரிவான நிலத்தில் எப்போதும் சரிவுக்குக் குறுக்காகவே ஓட்டவேண்டும். மேலிருந்து கீழாக ஓட்டினால், பற்கள் இட்ட கீறல்கள் யாவும் வாய்க்கால்களாகி, முதல் பெருமழையில் மண் அரித்துச் செல்லும். சரிவு மிகுந்த இடத்தில் குறுக்கே ஓட்டினால் டிராக்டர் கவிழக்கூடும். அத்தகைய இடத்தில் டிராக்டரை இறக்காமல் ஆட்களைக் கொண்டு வேலை செய்வதே தக்கது. வாரிய கற்களைச் சரிவின் குறுக்கே சமமட்டமாக அடுக்கினால், அதுவே நீரைத் தடுத்து மண்ணைக் காக்கும் கல்வரப்பாகும்.

ஐந்தாவதாக, செம்மண்ணை மாவாக்கிவிடுதல் கூடாது. பார்வைக்கு அழகாகத் தோன்றும் அந்தப் பொடி மண்தான் முதல் மழையில் ஓடாக இறுகுகிறது. விதைப்பு நிலத்தில் கோலிக்குண்டு, எலுமிச்சை அளவுள்ள சிறு கட்டிகள் இருப்பது நன்மையே. சிறு சரளையையும் முற்றிலும் நீக்கவேண்டியதில்லை. அது ஆவியாதலைக் குறைத்து ஈரம் காக்கிறது.

மண்ணுக்கேற்ற மாறுதல்கள்

கோவில்பட்டி, அருப்புக்கோட்டை வட்டாரங்களில் உள்ள கரிசல் மண்ணின் இயல்பு வேறு. ஈரமாயிருக்கும்போது அது பற்களில் அப்பிக்கொள்ளும். அந்நிலையில் வாரினால் மண் பிசைந்து கெடும். காய்ந்தபோது பெருங்கட்டிகளாகி விரிசல் விடும். அக்கட்டிகளை இரும்பால் நொறுக்க முயல வேண்டியதில்லை. கோடையில் உழுது விட்டுவிட்டால், மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டு அவை தாமே உதிரும். இங்கே பொறுமையே சிறந்த கருவி.

களர் மண்ணில் இறுக்கத்திற்குக் காரணம் சோடியம் உப்பு. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் சில பகுதிகளில் இத்தகைய நிலம் உண்டு. எத்தனை முறை உழுதாலும் வாரினாலும் அது மீண்டும் இறுகும். மண் பரிசோதனை நிலையம் கூறும் அளவில் ஜிப்சம் இட்டு, நீர் தேக்கி வடித்து உப்பை வெளியேற்றிய பின்னரே மற்ற வேலைகள் பயன் தரும்.

சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் சில இடங்களில் மேலே அரை அடி மண்ணும், அதன்கீழ் செம்புறைக் கல்லும் இருக்கும். அங்கே நிலம் முழுவதையும் உடைக்க முற்படுவது வீண். குழி எடுத்து, நல்ல மண்ணும் உரமும் நிரப்பி மரம் வளர்ப்பதே அறிவுடைமை.

சீமைக் கருவேலம் நீக்கிய நிலம்

ஊராட்சிகள் பெருமளவில் மேற்கொள்ளும் வேலை இது. அயல் களைத் தாவரங்களை அகற்றுவது குறித்துத் தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. சீமைக் கருவேலம் அவற்றுள் ஒன்று. மரத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் அது சாவதில்லை. தரைக்குக் கீழுள்ள தூரிலிருந்து பல கிளைகளாகத் தழைக்கிறது. ஆகவே தூரை வேருடன் தோண்டி எடுக்கவேண்டும். அதற்கு மண்தோண்டும் எந்திரமோ புல்டோசரோ தேவை. வாரியைப் பூட்டித் தூரை இழுக்க முயன்றால் பற்கள் முறியும், சட்டமும் வளையும்.

தூர் நீங்கியபின் குழிகளை மூடி, கொத்துக் கலப்பையால் உழுது, அறுந்து கிடக்கும் வேர்த் துண்டுகளையும் முள்ளையும் வாரியால் சேர்த்து அப்புறப்படுத்தலாம். இவ்வேலையில் வாரிக்கு நிகரான கருவி இல்லை. முள் தைத்து டயர் கெடும் என்பதால், ஓட்டும் வழியைக் கையால் முதலில் துப்புரவு செய்துகொள்ளல் வேண்டும். மண்ணில் விழுந்த விதைகள் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் முளைக்கும். ஆகையால் ஒரு முறை நீக்கியதுடன் நில்லாமல், மழைக்குப்பின் இளங்கன்றுகளைப் பிடுங்கும் பொறுப்பையும் அன்றே யாருக்காவது ஒப்படைக்க வேண்டும்.

செலவும் கணக்கும்

ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். ஆறு அடி வாரியைச் சாய்த்து வைத்தால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலம் வேலை நடக்கும். மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில், திரும்புவதற்கும் மேற்படிவதற்கும் கால் பங்கு நேரம் கழித்தால், மணிக்கு 4,500 சதுர மீட்டர் ஆகும். அதாவது ஒரு மணிக்கு ஓர் ஏக்கருக்குச் சற்று மேல்.

ஒற்றை உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் ஓட்டினால், ஓர் ஏக்கருக்கு ஒரு திசையில் எட்டுக் கிலோமீட்டர் தூரம் ஓடவேண்டும். மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில், திரும்பும் நேரமும் சேர்த்து மூன்று மணிக்குச் சற்று மேல் பிடிக்கும். இரு திசைக்கும் ஆறரை மணி எனக் கொள்ளலாம்.

இதனைக் கண்டு, உளிக்கலப்பை செலவு மிக்கது என்று தோன்றும். ஆனால் உடைக்காத நிலத்தில் ஆண்டுக்கு ஐந்து முறை வாரி ஓட்டினால் ஏக்கருக்கு ஐந்து மணி, மூன்று ஆண்டுக்குப் பதினைந்து மணி, பயனோ இல்லை. உளியும் கொத்துக் கலப்பையும் ஓடிய நிலத்தில் இரண்டு முறை வாரினால் போதும். மதிப்பீடு தயாரிக்கும்போது ஊராட்சி உறுப்பினர்கள், ‘எத்தனை மணி நேரம்’ என்று மட்டும் கேளாமல், ‘எந்த வரிசையில் எந்தக் கருவி’ என்றும் கேட்டல் வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் கருவிகளையும் குறைந்த வாடகைக்கு வழங்கி வருகிறது; நாடும் கருவி கிடைக்குமா என்று முன்னதாகவே கேட்டுப் பதிவு செய்துகொள்ளுதல் நலம். மழை பெய்த பின் தேடினால் எல்லா வண்டிகளும் வேறு வயல்களில் இருக்கும்.

உயிர்க்காப்பு

மாடு பூட்டிய பரம்பின்மேல் ஆள் ஏறி நிற்பது நம் நாட்டு வழக்கம். அவ்வழக்கத்தை டிராக்டர் கருவிக்குக் கொண்டுவருதல் பெருந்தீங்கு. வாரி மண்ணில் இறங்குவதற்காக அதன்மேல் ஆளையோ, சிறுவர்களையோ ஏற்றுவதை எவ்விடத்தும் அனுமதித்தல் கூடாது. தவறி விழுந்தவர் பற்களின் அடியில்தான் விழுவார். கல்லையும் மூட்டையையும் ஏற்றிப் பாரம் கூட்டுவதும் பயனற்றது; பல்தான் முறியும். பாரம் ஏற்றவேண்டிய நிலை வந்தால், அந்நிலம் இன்னும் உடைக்கப்படவில்லை என்பதே பொருள்.

சக்கர மூடியின்மேல் யாரும் அமர்தலாகாது. சிக்கிய வேரை எடுக்கும்போது, வாரியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்திய பின்னரே அருகில் செல்லவேண்டும். பொது நிலத்தில் உளிக்கலப்பை இறக்குமுன், குடிநீர்க் குழாயும் மின்கம்பியும் எவ்வழியே புதைக்கப்பட்டுள்ளன என்பதைக் குழாய் பராமரிப்பவரையும் மின்வாரியப் பணியாளரையும் அழைத்துக் கேட்டு, சுண்ணாம்பால் கோடிட்டுக் கொள்ளல் வேண்டும். ஒரு குழாய் உடைந்தால் ஊர் முழுவதும் குடிநீரின்றித் தவிக்கும்.

ஊராட்சியின் கடமை

பொது நிலம் என்பது ஊரின் முதல். அதனைப் பண்படுத்தச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் ஊராரின் பணம். நிலத்தைப் பாராமல் கருவியை அமர்த்துவது, நோயைப் பாராமல் மருந்து கொடுப்பதை ஒக்கும். முதலில் குழி தோண்டிப் பார்த்தல், அடுத்துப் பதம் அறிதல், பின் உடைத்தல், அதன்பின் வாருதல், முடிவில் உரமிட்டு, உடனே விதைத்து மூடுதல். வாரிய நிலத்தை வெறுமையாக விடாமல், கொள்ளோ, தக்கைப்பூண்டோ, புல்லோ விதைத்துவிட்டால் வேரே மண்ணைத் தளர்த்திக் காக்கும். இவ்வரிசை தவறாத ஊரில், கல்லாய்க் கிடந்த தரிசும் ஒரு பருவத்தில் பசுமை காணும்.

கிராமக் கூட்டத்தில் கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்

1. நம் ஊர்ப் பொது நிலத்தில் உள்ளது மேல் ஓடா, அடி இறுக்கமா? எத்தனை இடங்களில் குழி தோண்டிப் பார்த்தோம்?

2. சென்ற ஆண்டு நிலம் திருத்துவதற்குச் செலவிட்ட மணி நேரத்தில், உடைப்பதற்கு எவ்வளவு, வாருவதற்கு எவ்வளவு?

3. வாரி ஒதுக்கும் கற்களை எந்த மட்டத்தில் வரப்பாக அடுக்கலாம்?

4. சீமைக் கருவேலம் நீக்கிய இடத்தில் மீண்டும் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்கும் பொறுப்பு யாருடையது?

5. வேலை முடிந்த நிலத்தில் முதல் மழைக்கு முன் எதை விதைப்பது?